குடலும் ஈரலும்: ஒரு சத்திரசிகிச்சை பற்றிய சில குறிப்புகள்

புகலிடச் சஞ்சிகைகளில் நாம் அநேகமாக எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருக்கிறோம். தேசியம், சாதியம், பெண்ணியம், பின்நவீனத்துவம் என்று பட்டியல் நீளும். எங்கள் உடம்புகளைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை. பேசியபோதும் அது சித்திரவதைப்பட்ட உடம்பாகவோ ஷெல் பட்ட உடம்பாகவோதான் இருந்தது. ஒரு நாளைக்கு ஏழு தரம் கழிவறைக்கு ஓடுகிற உடம்பு கட்டுரைக்குரிய விடயமாக யாருக்கும் படவில்லை. 2021 வரை எனக்கும் படவில்லை.

நான் வைத்தியன் அல்ல. ஊரில் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தவன். 2007இல் நோர்வேக்கு வந்தேன். அன்றிலிருந்து வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. இக்கட்டுரையில் நான் எழுதுவன, என்னுடன் ஒரே வரிசையில் நின்று வேலைசெய்யும் ஒரு நண்பருக்காக நான் வாசித்தவையும், அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்து கேட்டவையுமே. அவருடைய சம்மதத்துடன், பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். அவர் கிளிநொச்சிப் பக்கம். என்னிலும் பதினைந்து வயது இளையவர். இன்றைக்கும் என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே றப்பர் சப்பாத்து. ஆனாலும் 'சேர்' போகவில்லை. இந்த 'சேர்' பின்னால் செய்த வேலையையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் நோய். அல்சரேட்டிவ் கொலைற்றிஸ் என்பது பெருங்குடலின் உட்சுவரில் ஏற்படும் நீடித்த அழற்சி. நேர்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம், வயிற்று வலி, இரத்தச்சோகை, களைப்பு. இது கிருமியால் வரும் வயிற்றுளைவு அல்ல. உடலின் நோயெதிர்ப்பு முறைமை தன் சொந்தக் குடலையே தாக்குவதால் வருவது. என் நண்பருக்கு இருபத்தேழு வயதில் வந்தது. ஊரில் உள்ளவர்கள் தொலைபேசியில் மாதுளங்கோது அவித்துக் குடிக்கச் சொன்னார்கள். அவர் குடிக்கவும் செய்தார்.

இந்த நோயுள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் இன்னொரு நோயும் சேர்ந்து வருகிறது. பிரைமறி ஸ்கிளிரோசிங் கொலஞ்சைற்றிஸ் என்பது அதன் நீண்ட பெயர், வைத்தியர்கள் பி.எஸ்.சி. என்பார்கள். ஈரலுக்குள்ளும் வெளியிலும் உள்ள பித்தக்கான்கள் அழற்சியுற்று, தழும்பு விழுந்து, இடையிடையே ஒடுங்கிப்போகின்றன. படத்தில் பார்த்தால் மணிகள் கோத்த மாலைபோல, ஓரிடம் ஒடுங்கியும் அடுத்த இடம் வீங்கியும் தெரியும். மறுபுறமாகப் பார்த்தால் தொடர்பு இன்னும் நெருக்கமானது: வட ஐரோப்பாவில் பி.எஸ்.சி. உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்குக் குடல் அழற்சி இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் அல்சரேட்டிவ் கொலைற்றிஸ். இந்த நோய் ஸ்கண்டிநேவிய நாடுகளில் மற்ற இடங்களைவிட அதிகம். நோர்வேயில் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு ஆட்களைக் கொண்டுபோகும் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று. இதற்கென்றே ஒஸ்லோவில் 2008இல் ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மீனையும் குளிரையும் பழகியதுபோல இந்த நோயையும் பழகிக்கொண்டோமா என்று நண்பர் ஒருநாள் பகிடியாகக் கேட்டார். ஆனால் காரணம் அவ்வளவு எளிதல்ல. பரம்பரையலகுகளுக்குப் பங்குண்டு, குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்குப் பங்கிருக்கலாம். முழுக்கதையும் இன்னும் எழுதப்படவில்லை.

பித்தம் எவ்வளவு கடுமையான திரவம் என்பதை அறிய எனக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. தொழிற்சாலையில் வயிறு திறந்த சால்மன்கள் வரிசையாக என் முன்னால் போகின்றன. பித்தப்பை உடைந்த மீனின் வயிற்றுச் சதையில் பச்சைமஞ்சள் கறை படிந்திருக்கும், கழுவினாலும் போகாது. அதைத் தனியே எடுத்துப் போடவேண்டும். கான்கள் ஒடுங்கி இந்தத் திரவம் வருடக்கணக்கில் ஈரலுக்குள் தேங்கினால் ஈரல் இறுகி, முடிச்சு முடிச்சாகி, சிரோசிஸ் என்ற நிலைக்குப் போகும். இதை நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஊர்சோ என்ற பித்த அமில மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. அதையே மிக உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையொன்று, நன்மைக்குப் பதிலாகத் தீமையே கூடியதை 2009இல் அறிவித்தது. முற்றிய நிலையில் ஈரலை மாற்றுவது ஒன்றே வழி.

இவ்விரு நோயும் ஒருவரிடம் சேரும்போது ஒரு பொல்லாத முரண் உண்டாகிறது. பி.எஸ்.சி. உடன் வரும் குடல் அழற்சி பெரும்பாலும் பெருங்குடல் முழுவதும் பரவியிருக்கும். ஆனால் நோயின் அறிகுறிகள் குறைவாக இருக்கும். ஆள் தனக்குச் சுகம் என்று நினைப்பார். உள்ளே பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்போ, கொலைற்றிஸ் மட்டும் உள்ளவரைவிட நான்கைந்து மடங்கு அதிகம். அதனால்தான் பி.எஸ்.சி. கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே ஒவ்வொரு வருடமும் கொலோனொஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். ஈரலை மாற்றினாலும் பெருங்குடல் உள்ளே இருக்கும்வரை இந்த ஆபத்து போவதில்லை.

நண்பருக்கு இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியங்கள் உயர்ந்திருந்தது தற்செயலாகத் தெரியவந்தது. பிறகு எம்.ஆர். படம், பிறகு அந்த நீண்ட பெயர். 2021 கோடையில் எடுத்த கொலோனொஸ்கோபியின் முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றுவிட்டார். 'எங்கட ஆக்கள்தானே வருவினம் சேர். நாளைக்கு கோயில்ல கதைப்பினம். நீங்கள் வாங்கோ.' நான் போனேன். அந்த ஆஸ்பத்திரியும், நண்பர்தானே என்று ஏற்றுக்கொண்டது.

வைத்தியர் இரண்டு வாக்கியம் சொன்னார். குடலின் பல இடங்களில் கல மாற்றங்கள் இருக்கின்றன என்பது ஒன்று. அவை புற்றுநோய்க்கு முந்திய கட்டம், ஆகவே பெருங்குடலை எடுப்பதுபற்றி இப்போதே யோசிக்கவேண்டும் என்பது மற்றது. நான் முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். இரண்டாவதில் 'புற்றுநோய்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'பின்னுக்கு ஒப்பரேசன் வேண்டி வரலாமாம், இப்ப பயப்பட ஒண்டுமில்லை' என்றேன். அவருடைய மனைவி அப்போது கர்ப்பிணி. வீட்டில் போய் ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எங்கள் ஊரில் நோயாளிக்குப் புற்றுநோய் என்று சொல்வதில்லை, சொந்தக்காரருக்குத்தான் சொல்வார்கள் என்ற பழைய பழக்கம் எனக்குள் இருந்திருக்கவேண்டும். பல வருடம் மாணவர்களுக்குக் கலப்பிரிவு படிப்பித்தவன் நான். 'கல மாற்றம்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. வைத்தியர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

நண்பர் சத்திரசிகிச்சைக்கு மாட்டேன் என்று கடிதம் அனுப்பினார். வயிற்றோட்டம் இல்லை, வேலைக்குப் போகிறேன், எதற்குக் குடலை வெட்டவேண்டும்? அவரிடமிருந்த தகவலின்படி அது முற்றிலும் நியாயமான முடிவு. பிழை தகவலில் இருந்தது.

2022 வசந்தகாலத்தில் மறு பரிசோதனை. கல மாற்றங்கள் இப்போது உயர் தரத்தவை. அதற்குள் இந்நாட்டில் மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது; 2022 ஜனவரியிலிருந்து தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்துவது பொது நிறுவனங்களின் கடமையாயிற்று. தொலைபேசியில், வேறொரு நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினார். முகமில்லை, பெயரில்லை, கோயிலில் சந்திக்கும் பயமுமில்லை. வைத்தியர் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பெண் இரண்டையும் சொன்னார். 'இது புற்றுநோய்க்கு முந்தின கட்டம் எண்டு போன வருசமும் உங்களுக்குச் சொன்னவராம்.' நண்பர் என் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். பெருங்குடலையும் நேர்குடலையும் எடுத்தபின் சிறுகுடலின் முனையை என்ன செய்வது என்பதே கேள்வி. பழைய வழி, அதை வயிற்றுச் சுவரில் ஒரு துவாரத்தினூடாக வெளியே கொண்டுவந்து ஒரு பையை ஒட்டுவது. ஆரம்பத்தில் குடல்முனையைத் தோல் மட்டத்தில் அப்படியே விட்டார்கள். சிறுகுடற் சாறு தோலைத் தின்றது. 1952இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரையன் புரூக், குடல்முனையைச் சட்டைக் கையைப் புரட்டி மடிப்பதுபோல மடித்துத் தைத்தார். எளிமையான யோசனை, ஆனால் அதன்பிறகுதான் குடல் வெளியேற்றத்தோடு மனிதர்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சுவீடனின் கோத்தன்பர்க்கில் நில்ஸ் கொக் 1969இல் வயிற்றுக்குள்ளேயே குடலால் ஒரு தேக்கம் அமைத்தார். பின் 1978இல் லண்டன் சென் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கொல்ஸும் அத்தகைய தேக்கமொன்றை மலவாசலுடனேயே இணைத்துவிட்டார்கள். 1980இல் ஜப்பானியரான உட்சுனோமியா அதனை ஆங்கில 'ஜே' எழுத்தின் வடிவத்தில் எளிமைப்படுத்தினார். சிறுகுடலின் கடைசிப் பகுதியை இரண்டாக மடித்துத் தைத்து ஒன்றாக்குவது அது. இப்போது பெரும்பாலும் செய்யப்படுவது அதுவே. வெளியில் பை இல்லை. வழமையான வழியாலேயே, நாளொன்றுக்கு ஐந்தாறு தரம் மலம் போகும். தையல் ஆறும்வரை சில மாதங்களுக்குத் தற்காலிகமாக ஒரு பை அநேகமாகத் தேவைப்படும்.

இந்த இடத்திலும் நான் குழப்பினேன். வெளியே ஒட்டுவதையும் உள்ளே கட்டுவதையும் இரண்டையும் 'பை' என்றே சொல்லிவந்திருக்கிறேன். இரண்டு வழியிலும் ஆயுள் முழுக்க வயிற்றில் பை தொங்கும் என்று அவர் நினைத்திருந்தார். நோர்வே மொழியில் உள்ளே கட்டுவதற்கு 'ரெசர்வுவார்' என்ற சொல். தொலைபேசிப் பெண் அதைத் 'தேக்கம்' என்றார். 'அப்ப உள்ளுக்க ஒரு குளம் கட்டுறாங்கள்' என்றார் நண்பர். இரணைமடுவுக்குப் பக்கத்தில் பிறந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஈரல் நோய் இல்லாத ஒருவருக்கு இத்தேர்வு பெருமளவு விருப்பத்தைப் பொறுத்தது. பி.எஸ்.சி. உள்ளவருக்கு அப்படியல்ல. இரு வழியிலும் ஈரல் தன் கணக்கை எழுதுகிறது.

வெளிப்பையை எடுத்துக்கொள்வோம். குடலிலிருந்து வரும் குருதி முழுவதும் ஈரல் வாயினாளத்தின் ஊடாக ஈரலுக்குப் போகிறது. ஈரல் இறுகினால் அந்த நாளத்தில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறிய குருதி பக்கவழி தேடும். உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து வெடிப்பது பலர் அறிந்தது. வயிற்றில் துவாரம் செய்து குடலை வெளியே எடுக்கும்போது, குடலின் நாளங்களும் வயிற்றுச் சுவரின் நாளங்களும் சந்திக்கும் இன்னொரு பக்கவழியை நாமாகவே வெட்டிக் கொடுக்கிறோம். துவாரத்தைச் சுற்றி நாளங்கள் புடைத்து, பை மாற்றும்போது இரத்தம் பெருகும். மேயோ கிளினிக் வைத்தியர்கள் 1986இலேயே இதை விரிவாக எழுதினார்கள். தையலிட்டால் நிற்கும், திரும்பவும் வரும். அழுத்தத்தைக் குறைக்கும் வரை வந்துகொண்டேயிருக்கும். மலவாசலுடன் இணைத்த தேக்கத்தில் இப்படியான பெருக்கு அரிது.

அப்படியானால் தேக்கமே நல்லது என்று முடிவுசெய்துவிடலாமா? அங்கே வேறொரு செலவு இருக்கிறது. பௌச்சைற்றிஸ், அதாவது தேக்கத்தில் உண்டாகும் அழற்சி. அதே மேயோ கிளினிக்கில் தேக்கம் கட்டப்பட்ட 1097 கொலைற்றிஸ் நோயாளர்களைப் பின்தொடர்ந்து 1996இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் 54 பேருக்கு பி.எஸ்.சி. இருந்தது. ஈரல் நோய் இல்லாதவர்களில் 32 வீதமானோருக்கு ஒரு தடவையாவது தேக்க அழற்சி வந்தது, பி.எஸ்.சி. உள்ளவர்களில் 63 வீதம். பத்து வருட முடிவில் மதிப்பிடப்பட்ட வாய்ப்பு முன்னையவர்களுக்கு 45.5 வீதம், பின்னையவர்களுக்கு 79 வீதம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ஈரல் நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கும் தேக்க அழற்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை. இலேசான பி.எஸ்.சி. என்பதால் தப்பலாம் என்று இல்லை. குடலை எடுத்த பிறகும் அதே நோய் வேறு வடிவில் தொடர்கிறது என்றே எனக்குப் படுகிறது. மெற்றோனிடசோல், சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பெரும்பாலும் அடங்கும். சிலருக்கு நிறுத்தியதும் திரும்பி வந்து, மருந்தோடேயே வாழும் நிலை ஏற்படும்.

ஒருபக்கம் இரத்தம் பெருகும் ஆபத்து, மறுபக்கம் அடிக்கடி வரும் அழற்சி. முன்னையது ஈரல் இறுகியவரை மட்டும் பிடிக்கும், ஆனால் உயிருக்கு உலை வைக்கும். பின்னையது கூடுதலானவரைப் பிடிக்கும், ஆனால் கொல்வது அரிது. இதை யார் எடைபோடுவது? வைத்தியர் எண்களைச் சொல்லலாம். எந்த ஆபத்தோடு வாழ முடியும் என்பதை அவர் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் முன் சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்ற கேள்வி. குருதியை உறையவைக்கும் புரதங்களைச் செய்வது ஈரல். அல்புமினைச் செய்வதும் அதுவே. மயக்க மருந்துகள் பலவற்றை உடைப்பதும் அதுவே. ஈரல் தளர்ந்தால் வெட்டிய இடம் எளிதில் நிற்காது, புண் ஆறாது, வயிற்றில் நீர் சேர்ந்து தையலினூடாகக் கசியும், கிருமி தொற்றும். இதை அளக்க சைல்ட், பியூ என்ற இருவரின் பெயரால் ஒரு தரப்படுத்தல் உண்டு. பிலிருபின், அல்புமின், குருதி உறையும் நேரம், வயிற்று நீர், மூளைத் தெளிவு ஆகிய ஐந்தையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு வயிற்றில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகள் பற்றிய 1984, 1997ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளில் ஏ பிரிவில் சுமார் 10 வீதமும் பி பிரிவில் 30 வீதமும் சி பிரிவில் 75 வீதத்துக்கு மேலும் இறந்தார்கள். அண்மைய அறிக்கைகளில் இவ்வெண்கள் குறைந்திருக்கின்றன, வரிசை மாறவில்லை. ஆகவே பி.எஸ்.சி. உள்ளவருக்குக் குடற் சத்திரசிகிச்சை தேவை என்று தெரிந்தால், ஈரல் இன்னும் தாக்குப்பிடிக்கும்போதே செய்வதுதான் புத்தி. ஈரல் ஏற்கனவே முற்றியிருந்தால், வாயினாள அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு குழாயை ஈரலுக்குள் வைத்துவிட்டுச் செய்வதும், ஈரலை மாற்றிய பிறகு குடலுக்கு வருவதும் யோசிக்கப்படுகின்றன. என் மொழிபெயர்ப்பால் நண்பர் இழந்த ஒன்பது மாதம் இந்தக் கணக்கில் எவ்வளவு பெறுமதியானது என்பதை இவற்றை வாசிக்கும்போதுதான் உணர்ந்தேன்.

பலர் கேட்கும் கேள்வி ஒன்று: குடல்தான் ஈரலைக் கெடுக்கிறது என்றால், குடலை எடுத்தால் ஈரல் தேறாதா? 1989இல் மேயோ கிளினிக் வைத்தியர்கள் குடல் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு, ஈரல் நோயின் போக்கில் வித்தியாசம் இல்லை என்றார்கள். 2018இல் சுவீடனின் தேசியப் பதிவேடுகளில் 2594 பேரை ஆராய்ந்தபோது, பி.எஸ்.சி. கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பெருங்குடல் எடுக்கப்பட்டவர்கள் ஈரல் மாற்றத்துக்கோ மரணத்துக்கோ போவது குறைவாக இருந்தது தெரிந்தது. ஈரல் மாற்றியவர்களிலும், முன்னரோ அப்போதோ பெருங்குடல் எடுக்கப்பட்டவர்களுக்கு புதிய ஈரலில் பி.எஸ்.சி. திரும்புவது குறைவு என்று பர்மிங்ஹாமிலிருந்து ஓர் ஆய்வு 2009இல் சொன்னது. ஆனால் இவை பின்னோக்கிப் பார்த்த கணக்குகள். யாருக்கு எப்போது ஏன் குடல் எடுக்கப்பட்டது என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டதல்ல. ஈரலைக் காப்பாற்றுவதற்காக மட்டும் குடலை எடுக்கும்படி எந்த வைத்தியரும் இன்று சொல்வதில்லை. சமூக விஞ்ஞானம் பேசுகிற எங்கள் நண்பர்கள் தொடர்புக்கும் காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதில் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பரின் ஈரல் ஏ பிரிவுக்குள் இருந்தது. வாயினாள அழுத்தம் ஏறியிருக்கவில்லை. 2022 இலையுதிர் காலத்தில் பெருங்குடல் எடுக்கப்பட்டது. வெட்டியெடுத்த குடலில் புற்றுநோய் இருக்கவில்லை. அந்தத் தாள் வந்த அன்று நான் இரவு வேலை. தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில் இருந்துகொண்டு அவர் சொன்னதைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் தேக்கத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். தன் காரணத்தை ஒளிவில்லாமல் சொன்னார்: 'பையோட கோயில் வீதியில வெறும் மேலோட நிக்கேலாது சேர்.' இது அற்பமான காரணம் என்று நினைப்பவர்கள் எங்கள் சமூகத்தை அறியாதவர்கள். பையோடு வாழும் ஒரு தமிழரையாவது எனக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியாது. இருக்கமாட்டார்கள் என்பதல்ல, சொல்லமாட்டார்கள்.

தற்காலிகப் பையோடு அவர் மூன்று மாதம் இருந்தார். மனைவிதான் முதலில் மாற்றப் பழகினார். பிறகு துவாரம் மூடப்பட்டது. அடுத்த வருடத்துக்குள் இரண்டு தடவை தேக்க அழற்சி. இரண்டும் மாத்திரைக்கு அடங்கின. வேலையில் எங்கள் வரிசைக்குப் பொறுப்பானவர், நண்பர் அடிக்கடி கழிவறைக்குப் போவதைக் குறித்துவைக்கத் தொடங்கினார். வைத்தியரின் கடிதத்தைக் காட்டியபின் நின்றது. தேக்கத்தையும் வருடாவருடம் கமெரா விட்டுப் பார்க்கிறார்கள், பி.எஸ்.சி. உள்ளவர்களுக்கு அங்கேயும் கல மாற்றம் வரக்கூடும்.

இப்போது அவருக்கு இருக்கும் கேள்வி வேறு. என்றோ ஒருநாள் ஈரலை மாற்ற வேண்டிவந்தால் இந்தத் தேக்கம் அதற்கு இடைஞ்சலா? 2018இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வு, தேக்கம் உள்ளவர்களில் மாற்றப்பட்ட ஈரல் நிலைப்பது, வெளிப்பை உள்ளவர்களைவிடக் குறைவு என்று கண்டது. அதை அவரிடம் காட்டினேன். இந்தத் தடவை ஒரு வரியையும் விடவில்லை. சிறிதுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை அச்சிட்டுத் தரச் சொன்னார். அடுத்த மாதம் வைத்தியரிடம் கேட்கப்போகிறார். மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரி ஏற்கனவே ஒழுங்குசெய்துவிட்டது. நான் காரோட்டிக்கொண்டு போவேன், உள்ளே போகமாட்டேன்.